வெள்ளையடிக்காத வேகத்தடை

செங்கரட்டுப்பட்டியைப் பிளந்துகொண்டு போகும் ரோட்டை அகலப்படுத்திப் புதுத் தார் போட்டபோது ஊரில் சந்தோஷப்படாதவர்கள் கிடையாது. மொரப்பூரில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கும், அரூர் மண்டிக்கு மஞ்சள் ஏற்றிப் போகிறவர்களுக்கும் அதுவரை அது இடுப்பை ஒடிக்கிற பாதை. ஊராட்சித் தலைவி சென்னம்மாள்தான் தேங்காய் உடைத்து அந்த வேலையைத் தொடங்கி வைத்தாள். பழைய ரோட்டின் குழிகள்தான் அத்தனை வருஷமும் வண்டிகளை அடக்கி வைத்திருந்தன என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ரோடு முடிந்த ஏழாவது மாதம், ஆகஸ்ட் கடைசியில், ரேஷன் கடைக்கு எதிரே வெண்மதி செத்துப்போனாள். ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவள். பள்ளிக்கூடம் விட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி ரோட்டைக் கடந்தவளைத் திருவண்ணாமலைப் பக்கம் போன ஒரு கார் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போனது. அவள் அம்மா செல்லி, களை எடுக்கக் கூலிக்குப் போகிறவள், அந்த நேரம் ரேஷன் கடை வரிசையில் பாமாயிலுக்கு நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பியவள், "ஐயோ, யார் வூட்டுப் புள்ளயோ" என்று கத்திக்கொண்டே மற்றவர்களோடு சேர்ந்து ஓடினாள். பக்கத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஊர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரு மைல் தூரத்துக்கு வண்டிகள் நின்றன. அதிகாரிகள் வந்தார்கள். பத்து நாளில் வேகத்தடைக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். ஊர் எழுந்து வழிவிட்டது. செல்லி மட்டும் எழவில்லை. சென்னம்மாள் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"போட வெக்கறன் செல்லி. நானாச்சு" என்றாள்.

அப்படி ஒரு வாக்கை அவள் தன் வாயால் கொடுத்தது அதுதான் முதல் தடவை. தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதால் அவளுக்கு வந்தது. ஆசை அவள் புருஷன் பச்சியப்பனுடையது. ஊராட்சி அலுவலகத்தில் அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டு அவன்தான் பேசுவான். ஒன்றியத்தில் அவனைத்தான் 'தலைவரே' என்று கூப்பிடுவார்கள். அவன் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். மூன்றரை வருஷம் அப்படியே ஓடிவிட்டது. நாற்பத்தாறு வயதில், செத்துப்போன ஒரு பிள்ளையின் தாயைப் பார்த்துச் சொன்ன சொல்லை மட்டும் அவனிடம் கொடுத்துப் பேசச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

பத்து நாள் போனது. பதினைந்தாம் நாள் ஊராட்சி செயலர் மாதேஷைக் கூட்டிக்கொண்டு ரோடு ஆபீசுக்குப் போனாள். அந்தப் பகுதிக்குப் பொறியாளராக இருந்தது சுசித்ரா என்ற முப்பது வயதுப் பெண். அப்போதுதான் எங்கிருந்தோ வந்து இறங்கியிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தபோது தலைமுடியெல்லாம் செம்மண்.

"வேகத்தடை நானா நெனச்சாலும் போட முடியாதுங்கம்மா. மாவட்டச் சாலை இது. பாதுகாப்புக் கமிட்டியில வெக்கணும், ஒப்புதல் வரணும், அப்பறந்தான் எஸ்டிமேட்டு" என்றாள்.

"எங்க ஊரு அதுல வந்துருக்குதுங்களா?"

சுசித்ரா ஒரு பைலை எடுத்துப் பிரித்தாள். "விபத்துப் பகுதின்னு சேக்கறதுக்கு ஒரு அளவு வெச்சிருக்காங்க. ஒரு சாவுக்கு அது வராதுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காதவள்போல முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நான் எழுதி அனுப்பிட்டேன். வேகத்தடை இல்லாட்டியும், வரிசையா வெள்ளைப் பட்டை போடலாம், வண்டி ஏறுனா தடதடன்னு ஆடும், டிரைவர் காலை எடுத்துருவான். ரெண்டு பக்கமும் போர்டு. அதையாச்சும் வாங்கித் தர்றேன்."

"எப்பங்க வரும்?"

"கூட்டம் நடந்தாத்தான் தெரியும்."

அவர்கள் எழுந்தபோது சுசித்ரா வாசல்வரை வந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்றேங்கம்மா. ஊர்க்காரங்க கோவத்துல தாங்களா எதையாச்சும் போட்டுடப் போறாங்க. வெள்ளையடிக்காத வேகத்தடை மாதிரி ஒரு எமன் ரோட்டுல கெடையாது. பாத்துக்கங்க."

செப்டம்பரில் கூட்டம் நடக்கவில்லை. அடுத்து குறித்த தேதியும் தள்ளிப்போனது. செங்கரட்டுப்பட்டியில் சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்கு ரேஷன் கடைக்கு எதிரே பெண்கள் வந்து நின்று, அவரவர் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கடத்திக்கொண்டு போனார்கள். செல்லியும் வந்து நிற்பாள். அவளுக்குக் கடத்திக் கூட்டிப் போகப் பிள்ளை இல்லை. ஆனாலும் வருவாள்.

காந்தி ஜெயந்தி அன்று கிராம சபை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பந்தல் போட்டு, வரவு செலவெல்லாம் படித்து முடித்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து செல்லி எழுந்தாள். சண்டை போடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"ரோட்டுல எதாச்சும் போடறாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பச்சியப்பன் மைக்கை வாங்கினான். "மேல எழுதியிருக்குதும்மா. கமிட்டின்னு ஒண்ணு இருக்குது, அவங்க வந்து..."

சென்னம்மாள் எழுந்து அவன் கையிலிருந்த மைக்கை எடுத்தாள். அப்படி ஒருநாளும் செய்தவளில்லை. "வியாழக்கெழம போட்டுர்றோம் செல்லி" என்றாள். பந்தல் முழுக்கக் கைதட்டியது. பச்சியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஊர் தட்டுகிறதே என்று தானும் தட்டினான்.

மாதேஷ் மட்டும் தீர்மானப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "பர்மிசன் இல்லாத வேலைங்க இது. இதை மட்டும் எழுத மாட்டங்க" என்றான். "எழுதாட்டிப் போ" என்றாள் அவள்.

வியாழக்கிழமை மத்தியானம் வேலை தொடங்கியது. தெருவுக்குச் சிமென்ட் போட்டதில் மிஞ்சிய ஜல்லியும் மணலும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்தன. ஊர்க் கொத்தனார் ஒரு பக்கத்தை அடைத்துப் போட்டு, அப்புறம் மறுபக்கம் போட்டார். அவர் போட்ட அளவு கூட்டத்துக்குப் போதவில்லை. "இன்னும் கொஞ்சம் தூக்குங்க", "இதுக்கெல்லாம் கார்க்காரன் அசைய மாட்டான், தூக்குங்க" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். சென்னம்மாளும் சொன்னாள். பொழுது சாயும்போது ரோட்டின் குறுக்கே முழங்காலில் பாதி உயரத்துக்கு அது படுத்திருந்தது. பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். செல்லி தன் வீட்டுச் சாக்கை நனைத்து அதன்மேல் விரித்தாள். முதலில் வந்த கார் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்று, மெதுவாக ஏறி இறங்கியதைப் பார்த்து ஊரே சிரித்தது. செல்லி சிரிக்கவில்லை. அழவும் இல்லை. சென்னம்மாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் மாதேஷ் அரூருக்குப் போய் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்தான். சிமென்ட் ஈரம் காய்ந்தால்தான் பெயிண்ட் பிடிக்கும், ஒருநாள் போகட்டும் என்றார் கொத்தனார். வெள்ளி சாயங்காலம் மழை பிடித்தது. சனிக்கிழமையும் விட்டு விட்டுப் பெய்தது. சென்னம்மாள் சும்மா இருந்துவிடவில்லை. ரோட்டின் இரு ஓரத்திலும் சுண்ணாம்பு அடித்த கல் வைக்கச் சொன்னாள். கடைசி பஸ் போகும்வரை நான்கு பேரை டார்ச் லைட்டோடு நிற்கச் சொன்னாள். அதற்குமேல் அந்தப் பக்கம் வண்டி அவ்வளவாக வராது, ஞாயிறு வெயில் அடித்ததும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நினைத்தாள். கரும்பு லாரி ஒன்று ஒதுங்கும்போது ஒரு கல்லை வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது. நனைந்த சிமென்டும் அதன்மேல் கிடந்த சாக்கும் தாரோடு தாராகக் கறுத்துக் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவள் மாட்டுக்கொட்டாயில் பால் கறந்துகொண்டிருந்தாள். முதலில் ஒரு சத்தம், தகரத்தைப் போட்டு இழுத்ததுபோல. அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளை எழுப்பி ஓடவைத்தது.

மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம் கிடந்தது. முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். ஒரு கை தொங்கிப்போன நிலையில் ஒருவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, நல்ல கையால் அவள் தோளை அசைத்துக்கொண்டிருந்தான்.

"ஜாஸ்மின், எந்திரி. வண்டி வந்துரும், எந்திரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ரயிலைச் சொல்கிறான் என்று சென்னம்மாளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அவள் கீழே உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முப்பது வயதுகூட இருக்காது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். உதட்டில் விட்டதும் ஒரு வாய் உள்ளே போனது. மறு வாய் வெளியே வழிந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள், மடியின் பாரம் வேறு மாதிரி ஆகிவிட்டதை சென்னம்மாள் உணர்ந்தாள். பக்கத்தில் நின்றவர்களிடம் அதைச் சொல்லாமலே உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மணிக்கு ஊர் கூடிவிட்டது. யாரும் கூட்டவில்லை.

"போலீஸ் வர்றதுக்குள்ள எடுத்துரணும்" என்றான் பச்சியப்பன். ஏற்கெனவே இரண்டு பேர் கடப்பாரையோடு நின்றார்கள். வியாழக்கிழமை 'தூக்குங்க, தூக்குங்க' என்றவர்களே இப்போது 'சீக்கிரம், சீக்கிரம்' என்றார்கள். மூன்று நாள் தண்ணீர் குடித்த சிமென்ட் லேசில் பெயரவில்லை.

"அதையும் எடுத்துர்றாங்களாக்கா?" என்று செல்லி அவளிடம் கேட்டாள். சென்னம்மாள் தன் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மடியில் இரத்தம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

"வூட்டுக்குப் போயி சேலைய மாத்து" என்றான் பச்சியப்பன் அவள் காதருகே. "கேட்டா வாயத் தொறக்காத. நாம போட்டம்னு எங்கயும் ஒரு எழுத்து கெடையாது. மாதேஷு எழுதாம உட்டது நல்லதாப் போச்சு."

ஒன்பது மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சுசித்ராவும் வந்தாள். பாதி உடைந்த சிமென்டும், தார்மேல் வெளிறிய தடமும் கிடந்தன. யார் போட்டது என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியாது என்றார் கொத்தனார். ராத்திரியோட ராத்திரியாக யாரோ போட்டுவிட்டார்கள் என்றான் ஒருவன். சுசித்ரா யாரையும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை சென்னம்மாளைப் பார்த்தாள். அப்புறம் டேப்பை எடுத்து உயரத்தை அளந்தாள்.

"நீங்கதான தலைவர்? உங்களுக்குத் தெரியாமயா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"தெரியாதுங்க" என்றாள் சென்னம்மாள்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எந்தச் சிரமமும் இருக்கவில்லை. பிறகு எத்தனையோ நாள் அதை நினைத்து நினைத்து அவள் பயந்தது அதனால்தான்.

ஒன்பது நாள் கழித்து மாதேஷ் வீட்டுக்கு வந்தான். உள்ளே வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கேஸ் நம்ம மேல இல்லீங்க. அந்த ஆள் பேரு ஆரோக்கியராஜ். அவர் மேலயே எழுதிட்டாங்க. அதிவேகமா, அஜாக்கிரதையா ஓட்டிக்கினு போயி, பின்னால உக்காந்திருந்த பொண்டாட்டி சாவுக்குக் காரணமாயிட்டார்னு."

"அப்பாடா" என்று பச்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். "நமக்கு ஒண்ணுமில்ல. அந்த ஆளுக்கும் பெருசா ஒண்ணும் ஆவாது, பைனக் கட்டிட்டுப் போயிருவான்."

"அவர் மேலயா?" என்றாள் சென்னம்மாள்.

"அப்படித்தாங்க எழுதுவாங்க. ஒத்தை வண்டி உழுந்தா ஓட்டுனவன் மேலதான்" என்றான் மாதேஷ்.

அன்றைக்கு அவள் சோறு ஆக்கினாள், பரிமாறினாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் பச்சியப்பன் காட்டுக்குப் போன பிறகு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

ஆரோக்கியராஜின் ஊர் அரூரைத் தாண்டி உள்ளே இருந்தது. மாதா கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வீட்டில் அவன் மட்டும் இருந்தான். தோள்பட்டையைச் சுற்றிக் கட்டு போட்டிருந்தார்கள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஜாஸ்மினின் கல்யாண போட்டோவை வைத்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து, ஒற்றைக் கையால் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நீங்கதானங்க மடியில வெச்சிருந்தீங்க?" என்றான். "உங்களப் பாக்கணும்னு இருந்தங்க. பேருகூடத் தெரியல எனக்கு, யாருகிட்டக் கேக்கறதுன்னு. அவளுக்குத் தண்ணி குடுத்தீங்க. அவங்க அம்மாகிட்ட அதத்தான் சொன்னேன், கடசியா தண்ணி குடிச்சான்னு."

சென்னம்மாள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நாப்பதுலதாங்க போனேன்" என்றான் அவன். யாரும் கேட்காமலே பேசினான். "மழை ஈரம், அவளும் பின்னால பையோட உக்காந்திருக்கா, நான் எப்படி வேகமாப் போவன்? ஸ்டேஷன்லயும் அதத்தான் சொன்னேன். அறுபதுக்கு மேல வந்தாத்தான் இப்படித் தூக்கி அடிக்கும்னு சொல்றாங்க. மொதல்ல இல்லன்னு சண்ட போட்டேன். இப்ப..." நிறுத்தி, போட்டோவைப் பார்த்தான். "இப்ப எனக்கே தெரியலீங்க. வண்டி போயிருமோன்னு கொஞ்சம் முறுக்கித்தான் இருப்பனோ என்னமோ. படுத்தா அதே நெனப்பு. அறுபதுல போனேனா, நாப்பதுல போனேனான்னு. மச்சான் வந்து கேட்டாரு. என்னத்தச் சொல்றது? நாந்தான் கொன்னுட்டேன் போலருக்குதுன்னு சொல்லிட்டேன்."

"நீங்க கொல்லலீங்க" என்றாள் சென்னம்மாள்.

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் தலையை ஆட்டினான்.

"நான் அந்த ஊரு தலைவருங்க. அத நாந்தான் போடச் சொன்னேன். ஒரு பொண்ணு அடிபட்டுச் செத்துட்டா, யாரும் வந்து போடல, அதனால நாங்களே போட்டோம். ஒசரமாப் போட்டுட்டோம். வெள்ள அடிக்கல. போலீஸ்ல கேட்டப்ப எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

வெளியே யாரோ சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு போனார்கள். ஆரோக்கியராஜ் எழுந்து வாசலுக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"பெயிண்டு வாங்கவே இல்லீங்களா?"

"வாங்கினோம். வெள்ளிக்கெழம."

"எங்க இருந்துச்சு?"

"ஆபீஸ்ல. மழை வந்துட்டுதுன்னு..."

அவன் நல்ல கையைத் தூக்கி, போதும் என்பதுபோலக் காட்டினான். திரும்பியபோது அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள். இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம்போல இருந்தது அது.

"இத ஸ்டேஷன்ல சொல்வீங்களா?"

"சொல்றங்க."

"சொல்லுங்க. சொல்லாம இந்த வூட்டுப் பக்கம் இனிமே வராதீங்க."

வீடு திரும்பி அவள் விஷயத்தைச் சொன்னதும் பச்சியப்பன் எட்டுத் தெருவுக்குக் கேட்கும்படி கத்தினான். "ஊரையே மாட்டி உடப்போறியா? கொத்தனாரு, மாதேஷு, தண்ணி ஊத்துன பொம்பளைங்க, எல்லாரையும் கோர்ட்டுல நிக்க வெக்கப்போறியா?"

"யாரு பேரையும் சொல்ல மாட்டன். நான் சொன்னன், நான் போட வெச்சன். அவ்ளோதான்."

"நீ பெரிய அரிச்சந்திர வம்சம்" என்று சொல்லிவிட்டு அவன் அன்று ராத்திரி அண்ணன் வீட்டில் போய்ச் சாப்பிட்டான்.

மறுநாள் அவள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாள். அதன்பேரில் தாலுகா ஆபீசில் விசாரணைக்கு அழைத்திருந்த நாளிலும் தனியாகத்தான் போனாள். அறைக்கு வெளியே பெஞ்சில் சுசித்ரா உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு மெமோ. அவளுக்கும் விசாரணை. தன் ரோட்டில் மூன்று நாளாக அனுமதியில்லாத தடை இருந்தது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டிருந்தார்கள்.

"நீங்க சொல்லியும் நான் கேக்கலீங்க" என்றாள் சென்னம்மாள்.

சுசித்ரா மெமோவை மடித்தாள், பிரித்தாள். "வெள்ளிக்கெழம அந்தப் பக்கம் நான் வந்திருக்கணும். வந்திருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேன். வரல. மூணு ஒன்றியத்து ரோடு, நான் ஒருத்தி. அன்னிக்கு வேற எங்கயோ பாலம் பாக்கப் போயிட்டேன்." மெமோவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அதையெல்லாம் எழுதினா சாக்கு மாதிரி இருக்குது" என்றாள்.

உள்ளே அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். தீர்மானம் போட்டீர்களா? இல்லை. யார் வேலை செய்தார்கள்? நான் செய்ய வைத்தேன். யாரை வைத்து? அது வேண்டாங்க, என் பேரை எழுதிக்கங்க. முதலில் தெரியாது என்று ஏன் சொன்னீர்கள்? அவள் யோசித்தாள். பயம் என்று சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் அவள் பயப்படவில்லை. சுற்றி எல்லோரும் தெரியாது என்றார்கள், அவளும் சொன்னாள். "எல்லாரும் சொன்னாங்க, நானும் சொல்லிட்டங்க" என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆரோக்கியராஜ் மேல் இருந்த வழக்கிலிருந்து அவன் பெயரை எடுத்தார்கள். அவள் பெயர் ஏறியது. பதவி நீக்கத்துக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. மூன்று மாதத்தில் உத்தரவும் வந்தது. துணைத் தலைவர் பொறுப்பேற்றார். பச்சியப்பன் தன் நாற்காலியை அலுவலகத்திலிருந்து தூக்கிவரப் போய், அது ஊராட்சி நாற்காலி என்று மாதேஷ் சொல்ல, வெறுங்கையோடு திரும்பினான். அதற்குப் பிறகு அவளோடு அவன் தேவைக்குப் பேசுவதோடு சரி.

ஊரும் அப்படித்தான். யாரும் திட்டவில்லை. வேகத்தடை போட்டவள் என்று கைதட்டியவர்கள், ஊர் மறைத்ததை வாயால் கெடுத்தவள் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டாவது சாவுக்குப் பிறகும் வண்டிகள் அதே வேகத்தில்தான் போயின. கடப்பாரை பெயர்த்த இடத்தில் சுசித்ராவின் ஆட்கள் தார் ஊற்றி மட்டம் செய்துவிட்டதால் வழுவழுவென்று இன்னும் வசதியாகப் போயின. தைப் பொங்கலுக்கு முந்தின நாள் சந்தைக்குப் போய்வந்த ஒரு கிழவருக்குக் கால் போயிற்று.

மாசியில் ஒருநாள் ரோடு ஆபீஸ் லாரி வந்தது. ஐந்தாறு பேர் இறங்கினார்கள். சுசித்ரா இல்லை. அவளை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய், ரேஷன் கடைக்கு இரண்டு பக்கமும் ஆறாறு வெள்ளைப் பட்டைகளைக் கனமாக இழுத்தார்கள். இரண்டு மஞ்சள் போர்டு நட்டார்கள். பத்து மணிக்குத் தொடங்கியவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் கருவிகளைக் கழுவி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

சென்னம்மாள் ரேஷன் கடைச் சுவரோரம் நின்று அத்தனையும் பார்த்தாள். எப்போது வந்தாளோ, செல்லி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அரை நாளுகூட ஆவலியேக்கா" என்றாள் செல்லி.

அதில் கேள்வி இருந்ததா, குற்றம் சொன்னாளா என்று தெரியவில்லை. லாரி போன பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் கோர்ட்டில் வாய்தா. சாட்சிக்கு ஆரோக்கியராஜும் வந்திருந்தான். கட்டு அவிழ்த்துவிட்டிருந்தார்கள். தோள் ஒரு பக்கம் இறங்கியே இருந்தது. எதிரெதிர் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். நான்கு மணிக்கு மேல் பெயரைக் கூப்பிட்டு, தள்ளிவைத்தாகிவிட்டது என்றார்கள். அந்தப் பக்கம் போக ஒரே பஸ். அவன் முன்னால் ஏறினான், அவள் பின்னால். செங்கரட்டுப்பட்டி வந்ததும் பட்டைகள்மேல் பஸ் தடதடவென்று ஆடி, வேகம் குறைந்தது. அவன் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டதை அவள் பார்த்தாள்.

இறங்குவதற்கு அவனைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. படியருகே வந்தபோது அவன் நிமிராமலே கேட்டான்.

"அடுத்த வாய்தா என்னைக்குங்க சொன்னாங்க? எனக்குச் சரியாக் காதுல உழல."

"வர்ற மாசம் பதினெட்டுங்க."

"பதினெட்டா. சரிங்க" என்றான்.

கண்டக்டர் விசில் கொடுத்தான். அவள் இறங்கிக்கொண்டாள்.